பழத்தில் இல்லாத அத்தி மணம்: வாசகர் கேள்வி – பதில்

பெரிய கம்பனிகளைச் சேராமல், சொந்தக் கையால் சிறிய அளவில் சென்ட் செய்பவர்களின் அத்தி மணத் தயாரிப்புகள் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு வெளியானது. அதையொட்டி வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில்.

லண்டனில் இருக்கும் மகள் ஒரு அத்தி மணச் சென்ட் அனுப்பியிருந்தா. கையால் செய்ததாம், விலையும் கூடவாம். பூசினால் தேங்காய்ப்பால்தான் மணக்கிறது. அத்திப்பழ வாசம் மருந்துக்கும் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, கல்லடி

ஏமாற்றவில்லை அம்மா. சென்ட் செய்பவர் ‘அத்தி’ என்று சொல்வது பழத்தை அல்ல, மரத்தை. கடையில் வாங்கும் உலர்ந்த அத்திப்பழத்தை மோந்து பாருங்கள். தேனும் முந்திரிகை வற்றலும் கலந்தது போல மெல்லிய வாசம், அவ்வளவுதான். பழத்தைக் காய்ச்சி வடித்து ஒரு போத்தல் எண்ணெய் எடுக்க முடியாது. ஆனால் மத்தியதரைக் கடற்கரைகளில், வெயில் ஏறிய நேரம் அத்தி மரத்தடியில் நின்றால் மூன்று மணம் ஒன்றாக வரும். கசக்கிய இலையின் கசந்த பச்சை மணம் ஒன்று. அது தக்காளி இலைக்குக் கிட்டவாக இருக்கும். காம்பை ஒடித்தால் வடியும் பால் இன்னொன்று. சூடேறிய பட்டையும் காய்ந்த மரமும் மூன்றாவது. இந்த மூன்றையும் வேறு வேறு பொருள்களால் கட்டி எழுப்புவதுதான் அத்தி மணம்.

இதை முதலில் முழு மரமாகக் காட்டியவர் ஒலிவியா ஜியாகொபெற்றி என்ற பிரெஞ்சுப் பெண். லார்ட்டிசான் பார்ஃப்யூமர் என்ற பாரிஸ் நிறுவனத்துக்காக 1994இல் ‘பிரெமியே ஃபிகியே’யைச் செய்தார். இரண்டு வருடம் கழித்து, 1996இல், டிப்டீக் நிறுவனத்துக்கு ‘ஃபிலோசிக்கோஸ்’. கிரேக்க மொழியில் அதற்கு ‘அத்தியை நேசிப்பவர்’ என்று பொருள். இன்றைக்குக் கையால் செய்பவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டுக்கும் பதில் சொல்வதுபோலத்தான் தங்கள் அத்தியைக் கட்டுகிறார்கள்.

உங்கள் சிக்கல் அந்தப் பாலில் இருக்கிறது. பால் மணத்தைத் தருபவை லக்டோன் எனப்படும் சேர்வைகள், முக்கியமாகக் காமா-ஒக்டாலக்டோனும் காமா-நொனாலக்டோனும். பின்னதை வியாபாரத்தில் ‘அல்டிஹைட் சி-18’ என்றும் ‘தேங்காய் அல்டிஹைட்’ என்றும் விற்பார்கள். அது அல்டிஹைட்டும் அல்ல, அதில் 18 காபன் அணுவும் இல்லை, ஒன்பதுதான். பழைய வியாபாரப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. தேங்காயின் சொந்த மணத்தைத் தருவதும் இதே குடும்பத்து டெல்டா லக்டோன்கள்தான். பாரிஸ்காரர் அதை மோந்தால் அவருக்கு அத்திப்பால் நினைவு வரும். தினமும் சொதி வைக்கும் வீட்டு மூக்குக்குத் தேங்காய்ப்பூ பிழிந்த கைதான் நினைவு வரும். மூக்கு பழகியதைத்தான் முதலில் பெயர் சொல்லும்.

இருப்பதை வீணாக்க வேண்டாம். தோலில் பூசுவதை விட்டு உடுப்பில் அடித்துப் பாருங்கள். தோல் சூட்டில் பால் மணம்தான் முன்னுக்கு வரும், துணியில் பச்சையும் மரமும் கூட நேரம் நிற்கும். இல்லாவிட்டால் மணிக்கட்டில் வெட்டிவேர் அத்தர் ஒரு சிறு துளி தடவி, ஐந்து நிமிடம் விட்டு, அதன் மேல் இதை அடியுங்கள். வெட்டிவேரின் வேர்க்கசப்பு பாலை வெட்டிவிடும். அடுத்த முறை மகள் வாங்கும்போது விவரத்தில் ‘இலை’, ‘பச்சை’, ‘சீடர்’ (ஒரு வகை வாசனை மரம்) என்று இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘கிறீம்’, ‘பால்’, ‘தேங்காய்’ என்று எழுதியிருந்தால் நம் பக்கத்து மூக்குக்கு அது சமையலறைதான்.

பெரிய கம்பனியும் அத்தி செய்கிறது, தனி ஆளும் செய்கிறார். தனி ஆளிடம் வாங்குவதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், வாழைச்சேனை

பெரிய கம்பனி செய்ததெல்லாம் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஜோன் குளோட் எலனா 2003இல் எர்மேஸ் நிறுவனத்துக்காகச் செய்த ‘அன் ஜார்டான் ஆன் மெடிற்றரனே’ அருமையான அத்தியிலை. ஆனால் ஆயிரக்கணக்கான கடைகளில் விற்க வேண்டிய சென்ட் எவர் முகத்தையும் சுளிக்க வைக்கக் கூடாது. ஆகவே இலையின் கசப்பைத் தணித்து, இனிப்பைக் கூட்டி, இலை, பால், மரம் என்ற மூன்று கால்களையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். தனி ஆள் ஒரு காலை நீட்டலாம். கலிபோர்னியாவின் சொனோமா சென்ட் ஸ்டூடியோ ‘ஃபிக் ட்ரீ’ என்று ஒன்றைச் செய்தது, பெயரே மரம். இயற்கைப் பொருள் மட்டும்தான் பாவிப்பேன் என்று இருப்பவர்கள், அத்தியிலை மணத்துக்கு எல்லோரும் நாடும் ‘ஸ்டெமோன்’ என்ற செயற்கைப் பொருளைத் தொடாமல் வேறு வழியில் சுற்றிப் போவார்கள். அதில் சிலது வெற்றி, சிலது கஷாயம்.

குறையும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதால் ஒரு தொகுதி மற்றதைப்போல இராது. சீடர் எண்ணெயின் அறுவடை மாறினால் மணமும் மாறும். பிடித்த போத்தல் முடிந்து இன்னொன்று வாங்கினால், ‘இது அது இல்லையே’ என்று தோன்றினால், அது உங்கள் மூக்கின் பிழையாக இராது.

வீட்டில் சாடியில் அத்திக் கன்று நிற்கிறது, இலை நல்ல மணம். தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டுப் பூசலாமா? நாட்டு அத்தி இலையும் சரிவருமா?
– வாசகர், ஆரையம்பதி

பூச வேண்டாம். இந்தப் பக்கத்தில் இன்று மிக முக்கியமான வரி இதுதான், தம்பி.

சாடியில் நிற்பது பைக்கஸ் கரிக்கா, சீமை அத்தி. அதன் இலையிலும் பாலிலும் சோராலன், பேர்கப்டேன் என்ற பொருள்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். பட்ட உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து கொப்புளிக்கும். எண்ணெய் வழிந்த கோட்டிலேயே கொப்புளம் வரும். ஆறினாலும் கருத்த தழும்பு மாதக்கணக்கில் கிடக்கும். இதனால்தான் அத்தியிலையின் சாற்றை வாசனைப் பொருளாகச் சேர்க்கக் கூடாது என்று சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா தடைசெய்திருக்கிறது. கடையில் வாங்கும் சென்ட்டில் அத்தியிலை மணம் இருக்கும், அத்தியிலை இராது. ‘இயற்கை’ என்பதற்காக நல்லதென்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஏற்கெனவே பூசியிருந்தால் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, இரண்டு நாளைக்கு அந்த இடத்தில் வெயில் படாமல் நீளக் கைச் சட்டை போடுங்கள். கொப்புளம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மேலே எதையும் அப்பாதீர்கள். கன்றைக் கவாத்துப் பண்ணும்போதும் கையுறை போடுங்கள், அல்லது பொழுது சாய்ந்த பிறகு செய்யுங்கள்.

நாட்டு அத்தி வேறு மரம், பைக்கஸ் ரசிமோசா. அடிமரத்திலேயே குலை குலையாகக் காய்ப்பது. சென்ட்காரர் சொல்லும் அத்தி அதுவல்ல. ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். இரண்டு அத்தியிலும் பூ காய்க்குள்ளேயே இருக்கிறது, வெளியில் மணக்க ஒன்றுமில்லை. மரத்துக்கு மணம் என்றால் அது இலைதான், பால்தான்.

அற்ககோல் சேராமல் அத்தரைப்போல அத்தி மணம் வீட்டில் செய்ய வேண்டும். பொருள்களை வரவழைக்க ஆள் இருக்கிறது. அளவு சொல்வீர்களா?
– சகோதரர், காத்தான்குடி

அற்ககோல் சென்ட் பற்றிய மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயில் செய்வதற்கு அளவு தருகிறோம். இது தொடங்குவதற்கான அளவு. இரண்டு மூன்று முறை செய்து உங்கள் மூக்குக்கு ஏற்றபடி மாற்றுங்கள்.

முதலில் தராசு. 0.01 கிராம் காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு வேண்டும். துளிக்கணக்கு வேண்டாம். ஒவ்வொரு பொருளின் துளியும் ஒவ்வொரு நிறை, ஒவ்வொரு குழாயின் துளியும் ஒவ்வொரு அளவு. இன்று நன்றாக வந்ததை நாளைக்குத் திரும்பச் செய்ய முடியாது. நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்தி யன்னலைச் சாத்துங்கள். கச்சான் வீசும் நேரம் யன்னல் திறந்திருந்தால் இரண்டாம் தசமம் ஓரிடத்தில் நிற்காது.

அடுத்தது, வலுவான நான்கு பொருள்களையும் 10 வீதக் கரைசலாக்குங்கள்: பொருள் 1 கிராம், எண்ணெயோடு சேரும் கரைப்பானான ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் 9 கிராம். பலர் இந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அளவுகளில் பலவும் டைபுரொப்பிலீன் கிளைக்கோலில், சுருக்கமாக டி.பி.ஜி.யில், கரைக்கச் சொல்லும். டி.பி.ஜி. எண்ணெயோடு சேராது. கடைசியில் தேங்காயெண்ணெயை ஊற்றியதும் கலங்கி, அடுத்த நாள் அடியில் தனிப் படையாக நிற்கும். எவ்வளவு குலுக்கினாலும் சேராது. எண்ணெய் அத்தருக்கு முதலிலிருந்தே மிரிஸ்டேட்தான்.

10 கிராம் செறிவுக்கு, அதாவது எண்ணெய் சேர்க்குமுன் உள்ள மணக் கலவைக்கு:

ஐசோ ஈ சுப்பர் – 3.00 கிராம்
ஹெடியோன் – 2.50
வேர்ஜீனியா சீடர் எண்ணெய் – 1.50
எதிலீன் பிராசிலேட் – 1.20
காமா-நொனாலக்டோன், 10 வீதம் – 0.80
காமா-ஒக்டாலக்டோன், 10 வீதம் – 0.50
ஸ்டெமோன், 10 வீதம் – 0.30
சிஸ்-3-ஹெக்ஸெனோல், 10 வீதம் – 0.20

முதல் நான்கும் மரமும் உடலும். எதிலீன் பிராசிலேட் ஒரு கஸ்தூரி வகை, பின்னணியில் நின்று மற்றவற்றைப் பிடித்து வைக்கும். லக்டோன் இரண்டும் பால். ஸ்டெமோன் அத்தியிலை. ஹெக்ஸெனோல் அப்போதுதான் வெட்டிய புல்லின் மணம். பத்து நிமிடம்தான் நிற்கும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் இலை காய்ந்த இலையாகிவிடும்.

கண்ணாடிப் போத்தலைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, மேலிருந்து வரிசையாக ஊற்றுங்கள். ஒவ்வொன்றும் ஊற்றியபின் திரும்பவும் பூச்சியமாக்குங்கள். ஸ்டெமோனை ஊற்றும்போது கை நடுங்கக் கூடாது. 0.30க்குப் பதில் 0.60 விழுந்துவிட்டால் பச்சை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். வெளியில் எடுக்க வழியில்லை. மற்ற எல்லாப் பொருளையும் இரண்டு மடங்காக்கித்தான் திருத்த வேண்டும். கரைக்காத ஸ்டெமோனைப் போத்தலிலிருந்து நேரே ஊற்றினால் அதுகூட உதவாது. மூடி, மெல்லச் சுழற்றி, இருட்டில் ஒரு வாரம் வையுங்கள். கலந்த அன்றே மோந்து அளவை மாற்றத் தொடங்காதீர்கள். முதல் நாள் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாகக் கத்தும். ஒரு வாரத்தில் அடங்கி ஒன்று சேரும்.

6 மில்லிலீற்றர் உருளைப் போத்தலுக்குச் செறிவு 1.5 கிராமும், ‘ஃபிராக்ஷனேட்டட்’ என்று விற்கும், உறையாத, மணமில்லாத தேங்காயெண்ணெய் 4 கிராமும். சாதாரணத் தேங்காயெண்ணெய் வேண்டாம். அதற்குச் சொந்த மணம் உண்டு, ஏற்கெனவே பால் மணமுள்ள அத்தியை முழுத் தேங்காயாக்கிவிடும். சில மாதத்தில் காறலும் எடுக்கும். 24 பாகை அளவில் உறைவதால் ஏசி அறையில் உருளையும் சுற்றாது. எண்ணெயில் பச்சை மணம் அமுங்கித் தெரியும். கல்லடி அம்மாவைப்போல பால் பிடிக்காதவர் நொனாலக்டோனை 0.40ஆகக் குறைத்து, அந்த 0.40ஐச் சீடரில் சேர்க்கலாம். பூசுமுன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறு துளி வைத்து 24 மணித்தியாலம் பாருங்கள்.

இதே செறிவை அற்ககோலில் செய்ய விரும்பும் மற்ற வாசகர்களுக்கு: செறிவு 2 கிராம், சென்ட்டுக்குரிய எதனோல் 8 கிராம், மூன்று வாரம் இருட்டில், பிறகு கோப்பி வடிகடதாசியில் வடியுங்கள். எதனோல் மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், முறையான வழியில்தான் பெற வேண்டும். அதற்காகச் சாராயத்தை ஊற்றிப் பார்க்க வேண்டாம். அதில் பாதிக்கு மேல் தண்ணீர், ஊற்றிய உடனே பால்போலக் கலங்கும். மெதனோல் கலந்த ஸ்பிரிட் நஞ்சு. அதை அடிப்பதும் மூச்சில் இழுப்பதும் கூடாது.

காலையில் அடித்தால் பத்து மணிக்கே போய்விடுகிறது. நாலைந்து தரம் அடித்தும் அதே கதை. போலியா?
– வாசகர், கல்முனை

போலியாக இருக்கலாம், ஆனால் முதலில் வீட்டில் உள்ளவரைக் கேளுங்கள். அடித்து ஒரு மணித்தியாலம் கழித்து, ‘மணக்குதா?’ என்று. அவர் மணக்கிறது என்றால் போனது சென்ட் அல்ல, உங்கள் மூக்கு. அத்தியில் அதிகம் சேரும் ஐசோ ஈ சுப்பர் வரும், மறையும், திரும்பவும் வரும். கஸ்தூரி வகைகளில் சிலதைச் சிலரால் மோக்கவே முடியாது, பிறவியிலேயே. இது தெரியாமல் ஏழெட்டுத் தரம் அடித்துக்கொண்டு பஸ் ஏறுபவரால் பக்கத்து சீற்றில் இருப்பவர் படும் பாட்டை அவர் அறியார்.

வீட்டாருக்கும் மணக்கவில்லை என்றால் காரணம் காலநிலை. வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று காய்ந்து வரும், தோலும் காயும், இலை மணம் ஏறின வேகத்தில் பறந்துவிடும். குளித்துத் துவட்டியதும் மணமில்லாத வசலின் கொஞ்சம் தடவி அதன் மேல் அடியுங்கள். சேட்டின் உட்பக்கம், நெஞ்சுக்கு நேரே, இன்னொரு தரம். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று உரச வேண்டாம். மாரியில், வாடை வீசும் நாட்களில், அதே சென்ட் மத்தியானம் வரை நிற்பதைப் பார்ப்பீர்கள். அப்போது பாலும் கூடத் தெரியும்.

வெளிநாட்டுத் தயாரிப்பாளர் ஒருவரிடம் கேட்டேன், இலங்கைக்கு அனுப்ப முடியாது என்கிறார். ஏன்? வேறு வழி?
– வாசகி, அக்கரைப்பற்று

அற்ககோல் சென்ட் சட்டப்படி தீப்பற்றும் திரவம். சரக்குப் போக்குவரத்தில் அதற்கு யூ.என். 1266 என்று இலக்கமே உண்டு. தூய எதனோலின் ஆவி சுமார் 13 பாகையிலேயே பற்றும்; நம் ஊர் அந்தக் குளிரைக் கண்டதே இல்லை. அதனால் விமானத் தபாலில் எடுக்க மாட்டார்கள். தனி ஆளுக்கு அந்தச் சரக்கு அனுமதியும் பொதியும் கட்டுப்படியாகாது.

வரும் உறவினரிடம் கொடுத்தனுப்பச் சொல்வதுதான் வழி. பெரும்பாலான விமான சேவைகளில் பதிவுப் பெட்டியில் ஒரு போத்தல் 500 மில்லிலீற்றருக்கு மேற்படாமல், மொத்தம் 2 லீற்றர் வரை கொண்டுவரலாம். கைப்பைக்கு 100 மில்லிலீற்றர். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, சிப் பையில் போட்டு, உடுப்பு நடுவே வைக்கச் சொல்லுங்கள். எண்ணெயில் செய்ததும் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள், அதை அனுப்புவதில் இந்தத் தடை இராது.

எதுவானாலும் முழுப் போத்தல் முதலில் வேண்டாம். 1 அல்லது 2 மில்லிலீற்றர் மாதிரிக் குப்பிகள் மூன்று நான்கை எடுங்கள். 1 மில்லிலீற்றரில் பத்துத் தடவைக்குக் குறையாமல் அடிக்கலாம், ஒரு கிழமைக்குப் போதும். ஏசி அறையில் ஒரு நாள், வெயிலில் ஒரு நாள் போட்டுப் பார்த்து முடிவுசெய்யுங்கள். தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியது இரண்டு: எப்போது கலந்தது, செறிவு எத்தனை வீதம். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் மாதிரியோடு நிறுத்திக்கொள்ளலாம். வந்து சேர்ந்ததும் ஒரு கிழமை அலுமாரியில் விட்டுவிட்டுத் திறவுங்கள், பயணச் சூட்டில் ஆடிவந்தது அடங்கட்டும்.

குளியலறைத் தட்டில் வைத்த அத்திச் சென்ட் ஆறு மாதத்தில் மாறிவிட்டது. வெள்ளைச் சேலையிலும் மஞ்சள் கறை. இரண்டுக்கும் என்ன செய்யலாம்?
– வாசகி, திருக்கோவில்

குளியலறையில் நீராவியும் சூடும் ஏறி இறங்கும், அதுதான் கெடுத்தது. பச்சை மணம் முதலில் போகும், பிறகு புளித்த வார்னிஷ் வாசம் வரும். அப்படியானால் தோலில் பூச வேண்டாம். அடுத்ததை அதன் பெட்டியோடு, சுவர் வெயில் படாத அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பாதிக்கு மேல் முடிந்தபின் சிறிய கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிவிட்டால் உள்ளே காற்று குறையும்.

கறை, சென்ட்டில் கரைந்திருக்கும் எண்ணெயும் வனிலின் போன்ற நிறம் மாறும் பொருள்களும் படிந்தது. பருத்திச் சேலையென்றால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி தடவிப் பத்து நிமிடம் விட்டு வெந்நீரில் அலசுங்கள், குளோரின் வேண்டாம். பட்டென்றால் வீட்டில் தொடாமல் லோன்றிக்குக் கொடுத்து, என்ன கறை என்பதையும் சொல்லிவிடுங்கள். இனிமேல் சேலையில் அடிக்கும்போது 20 சென்ரிமீற்றர் தள்ளி, முந்தானையின் உட்பக்கமாக.